ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் இரும்பு இருக்கை

திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் உள்ள ஊர் அய்யலூர். வியாழக்கிழமைதோறும் அங்கு ஆட்டுச் சந்தை கூடும். கூட்டம் சேரும் இடம் என்றால் அறிவிப்பு வண்டிகளும் வந்துவிடும் அல்லவா? கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து செல்லும் வேன்களை உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

அப்படி ஒரு வேன் வைத்திருக்கும் அய்யலூர் மைக்செட்காரர் ஒருவர், ஒருநாள் என்னிடம் ஒரு புதிரைக் கொண்டுவந்தார்.

"சார், ஆம்ப்ளிஃபயர் காலையில நல்லாப் பாடுது. உச்சி வெயில் வந்தா வாயை மூடிக்குது. கழட்டி ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனா அங்க மறுபடியும் பாடுது! பாதியில நின்னுபோச்சுன்னா பேசின வாடகையில பாதியைப் பிடிச்சுக்கிறாங்க. புதுசு வாங்க எங்கிட்ட பணம் இல்ல."

வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு மரப்பலகை, அதன்மேல் ஆம்ப்ளிஃபயர். ஆடாமல் இருக்க நான்கு பக்கமும் சாக்குத் திணித்திருந்தார். தூசு படாமல் இருக்க மேலே இன்னொரு சாக்கைப் போர்த்தி, கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார். அக்கறையோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் கோளாறு அந்த அக்கறையில்தான் இருந்தது!

வெப்பம் எங்கே போகும்?

ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலிருந்து பெறும் மின் ஆற்றல் முழுவதையும் ஒலிபெருக்கிக்குத் தந்துவிடுவதில்லை. பழைய வகை ஆம்ப்ளிஃபயர்களில் பாதிக்கு மேல் வெப்பமாக மாறிவிடும். எடுத்துக்காட்டாக, பாட்டுத் தொடர்ந்து ஒலிக்கும்போது பேட்டரியிலிருந்து 100 வாட் வருகிறது, அதில் 40 வாட் ஒலிபெருக்கிக்குப் போகிறது என்று கொள்வோம். மிச்சம் 60 வாட், வெப்பம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை அந்தச் சாக்குக்குள் எரியவிட்டது போலத்தான்!

இந்த வெப்பம் பிறக்கும் இடம் டிரான்சிஸ்டர். அதை வெளியேற்றவே ஆம்ப்ளிஃபயரின் உடலில் அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. மெக்கானிக்குகள் இதை 'ஹீட் சிங்க்' என்பார்கள். சாதாரண இரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். தகட்டுக்கு வந்த வெப்பத்தைக் காற்று சுமந்து செல்ல வேண்டும். சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று கீழிருந்து அந்த இடத்துக்கு வரும். இதுவே நீங்கள் பாடத்தில் படித்த வெப்பச் சலனம்.

இனி ஒரு சிறு கணக்கு. காற்றோட்டம் இருக்கும்போது, ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரி வீதம் ஹீட் சிங்கின் வெப்பநிலை உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 வாட்டுக்கு 30 டிகிரி. ரிப்பேர் கடையில் காற்று 32 டிகிரி. ஆகவே தகடு 62 டிகிரி. வெயிலில் நிற்கும் வேனுக்குள் காற்று 50 டிகிரியாக இருந்தால் தகடு 80 டிகிரி. அதன்மேல் சாக்கும் போர்த்தினால்? சாக்கின் இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்று அசையாது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். கம்பளி நமக்குச் செய்யும் வேலையைச் சாக்கு ஆம்ப்ளிஃபயருக்குச் செய்தது. சூடு எல்லை மீறியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒலியை நிறுத்திவிட்டது. கழற்றி எடுத்துப் போகும் நேரத்தில் ஆறிவிட்டது. புதிர் விடுபட்டதா?

சாக்கை எடுத்தால் மட்டும் போதுமா?

போதாது. சாக்கு இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் ஆடும். ஆகவே பிடித்துக்கொள்ளவும் வேண்டும், வெப்பத்துக்கு வழிவிடவும் வேண்டும். இரண்டையும் செய்வது திறந்த இரும்புச் சட்டம். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் வெல்டிங் பட்டறைக்குக் குறைவில்லை. (திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.) அங்கே ஒரு பட்டறையில் சட்டத்தைச் செய்யச் சொன்னோம்.

25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள 'எல்' வடிவ ஆங்கிள் இரும்பு. அதில் ஆம்ப்ளிஃபயரின் அளவுக்கு ஒரு செவ்வகச் சட்டம். காற்று அடியில் நுழைய 4 செ.மீ. உயரத்தில் நான்கு கால்கள். மேலே மூடி கிடையாது. ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே உள்ள சந்துகள் மேல்கீழாக நிற்கும்படி ஆம்ப்ளிஃபயரை வைத்தோம். படுக்கையாக வைத்தால் சூடான காற்று மேலே ஏற வழியின்றி மறிபடும்.

தட்டைப் பட்டையை விட்டு ஏன் ஆங்கிள்? ஒரு தபால் அட்டையை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் வைத்து, அதன்மேல் நாணயங்களை அடுக்குங்கள். விரைவில் தொய்ந்துவிடும். அதே அட்டையை நீளவாக்கில் 'எல்' போல் மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி வைத்து அழுத்திப் பாருங்கள். வேறுபாடு விரலுக்கே தெரியும்.

தொய்வுக்கும் அதிர்வுக்கும் நெருங்கிய உறவு உண்டு. எடையை ஏற்றியதும் ஒரு சட்டம் கால் மில்லிமீட்டர் தொய்கிறது என்றால், அதன் இயல்பான அதிர்வெண் விநாடிக்கு ஏறத்தாழ 31. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும்போது விநாடிக்கு 30 முறை எரிபொருள் வெடிக்கும். இரண்டும் நெருங்கினால் என்ன ஆகும்? ஒத்ததிர்வு! வண்டி நின்றபடி இயங்கும்போதே ஆம்ப்ளிஃபயர் கடகடவென்று ஆடும். உள்ளே ஈயப் பற்றுகள் விட்டுப்போகும். விறைப்பான சட்டம் தொய்வு குறைந்தது. அதன் அதிர்வெண் எஞ்சினை விட்டு விலகிவிடும். மிஞ்சும் அதிர்வைத் தணிக்கக் கால்களுக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்தோம்.

கயிறு ஏன் ஆகாது?

மணிக்கு 54 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 15 மீட்டர். வண்டி எதன் மீதாவது மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நின்றால் முடுக்கக் குறைவு 150 மீ/வி². 5 கிலோ ஆம்ப்ளிஃபயரைப் பிடித்து நிறுத்த 750 நியூட்டன் விசை தேவை. அதாவது 75 கிலோ எடைக்குச் சமம். கட்டு அவிழ்ந்தால் அது பாயும் இடம் ஓட்டுநரின் முதுகு. ஆகவே 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள், அதிர்ச்சியில் நட்டுத் தளராமல் இருக்க ஸ்பிரிங் வாஷர், மெல்லிய தரைத் தகடு கிழியாமல் இருக்க அடியில் அகலமான வாஷர்.

துளையிடும் முன்

தரைக்கு அடியில் பெட்ரோல் டாங்கி, பிரேக் குழாய், மின்கம்பிகள் ஆகியவை செல்லக்கூடும். கீழே குனிந்து பார்க்காமல் துளையிடக் கூடாது. வெல்டிங்கை வண்டிக்கு வெளியே முடித்துவிட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகிலேயே தகுந்த ஃப்யூஸ் இருக்க வேண்டும். 12 வோல்ட் தானே என்று எண்ணாதீர்கள். கம்பி உரசி வண்டியின் உடலைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பிடிக்கும். இவை எல்லாம் பெரியவர்களும் மெக்கானிக்கும் செய்யும் வேலைகள். நீங்கள் உடனிருந்து பாருங்கள்.

அடுத்த சந்தை நாளில் உச்சி வெயிலிலும் அந்த வேன் பாடிக்கொண்டே போனது. புது ஆம்ப்ளிஃபயர் வாங்கவில்லை. கொஞ்சம் இரும்பும் கொஞ்சம் பௌதிகமும்தான் செலவு.

உங்களுக்கு ஒரு சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றைச் சாக்கால் சுற்றித் தரையில் வையுங்கள். மற்றதை நான்கு சிறு கற்களின்மேல் தூக்கி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியால் அளந்து வரைபடம் போடுங்கள். எந்தக் கோடு வேகமாக இறங்குகிறது? உங்கள் வீட்டு டி.வி.யின் மேலும் ரேடியோவின் மேலும் துணி போர்த்தியிருக்கிறதா என்று பிறகு பாருங்கள்.