தண்ணீருக்கு யாரிடம் நன்றி சொல்வது?

இன்று காலையிலிருந்து எத்தனை முறை குழாயைத் திறந்தீர்கள்? எண்ணிச் சொல்வது கடினம். கைக்கடிகாரத்தைக் கட்டிய சில நிமிடங்களில் அது தோலில் படுவதே நமக்குத் தெரிவதில்லை. மாறாமல் தொடரும் தூண்டலை நரம்பு மண்டலம் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதே காரணம். நாள்தோறும் கிடைக்கும் வசதிகளுக்கும் மனம் ஏறக்குறைய இப்படித்தான் பழகிவிடுகிறது. புதியவற்றைக் கவனிக்க இந்த இயல்பு உதவுகிறது. ஆனால், தொடர்ந்து கிடைக்கும் நன்மைகள் நம் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

அவற்றை மீண்டும் காண வெளிநாட்டுச் சேவைப் பயணம் ஒரு வாய்ப்பு. சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் உயர்நிலை மூன்று மாணவர்களுடன் கம்போடியாவின் சியம் ரீப் மாகாணத்தில் உள்ள ஒரு கிராமத் தொடக்கப்பள்ளிக்குச் சென்றேன். காலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் விளையாட்டும். பிற்பகலில் குடிநீர் வடிகட்டிகளைப் பொருத்தும் வேலை.

சுற்றிலும் நீர், ஆனால் குடிக்க முடியாது

அந்த மாகாணத்தின் தெற்கே தோன்லே சாப் ஏரி இருக்கிறது. தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. மழைக்காலத்தில் மீகோங் ஆறு பெருகும்போது, தோன்லே சாப் ஆறு எதிர்த்திசையில் ஓடி ஏரியை நிரப்பும். வறண்ட காலத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி, மழைக்காலத்தில் 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரியும். வெள்ளம் வடியத் தொடங்கியதும் ஆறு மீண்டும் திசை மாறும்.

இவ்வளவு நீர் இருந்தும் அதை அப்படியே குடிக்க முடியாது. குளத்திலும் ஆழமில்லாத கிணற்றிலும் கிருமிகள் கலக்கின்றன. வயிற்றுப்போக்கு வந்தால் சிறு பிள்ளைகளின் உடலிலிருந்து நீரும் உப்பும் வேகமாக வெளியேறும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மணலுக்குள் ஓர் உயிர்ப்படலம்

நாங்கள் பொருத்தியது உயிர்மணல் வடிகட்டி. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ் உருவாக்கிய முறை இது. மின்சாரம் தேவையில்லை. ஒரு பெட்டியின் அடியில் சரளைக்கல், அதன்மேல் மெல்லிய மணல். வெளியேறும் குழாயின் வாய் மணல் மட்டத்தைவிடச் சற்று உயரமாக இருப்பதால், மணலின்மேல் எப்போதும் சுமார் 5 சென்டிமீட்டர் நீர் தேங்கி நிற்கும்.

இந்த நீருக்கு அடியில், மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒரு படலத்தை உருவாக்குகின்றன. நோய்க்கிருமிகள் பலவற்றை இவை உணவாக்கிக்கொள்கின்றன. மற்றவை மணல் துகள்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும், அல்லது உணவின்றி மடியும். ஆயினும், வடிகட்டிய நீரைக் கொதிக்க வைத்தோ குளோரின் சேர்த்தோ குடிப்பதே பாதுகாப்பு.

படலம் முழுமையாக வளர ஒரு மாதம்வரை ஆகும். நாங்கள் அங்கே இருந்ததோ ஒன்பது நாள். நாங்கள் புறப்பட்ட பிறகு, தினமும் அதில் நீர் ஊற்றி அந்தப் படலத்தைக் காக்கப்போவது அந்தப் பிள்ளைகள்தான். முந்தைய ஆண்டு பொருத்திய வடிகட்டியில் எங்கள் மாணவர் ஒருவர் வாளியை அப்படியே கவிழ்க்கப் போனார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். துளையிட்ட தட்டின்மேல் மெதுவாக ஊற்றிக் காட்டினாள். வேகமாக ஊற்றினால் படலம் கலைந்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மாணவர் கைகூப்பி “ஓர்குன்” என்றார். கெமர் மொழியில் ‘நன்றி’.

அதிர்ஷ்டம் வேறு, நன்றி வேறு

அன்று இரவு மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டில் எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். “நாம் எவ்வளவு அதிர்ஷ்டசாலிகள்” என்ற வரி பலரிடமும் இருந்தது. ஒரு மாணவி மட்டும் கேட்டார்: “சார், நமக்கு நன்றியுணர்வு வர இந்தப் பிள்ளைகள் கஷ்டப்பட வேண்டுமா?”

சரியான கேள்வி. நம்மைவிடக் குறைவாக உள்ளவரைப் பார்த்து நிம்மதி அடைவதை உளவியல் ஒப்பீடு என்றே சொல்கிறது. நன்றியுணர்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் எம்மன்ஸ், அதில் இரண்டு பகுதிகள் உண்டு என்கிறார். முதலாவது, நமக்கு ஒரு நன்மை கிடைத்திருப்பதை உணர்வது. இரண்டாவது, அது நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று ஏற்பது. திருக்குறளில் இதற்கான அதிகாரத்தின் பெயரே ‘செய்ந்நன்றி அறிதல்’. அறிவதற்கு யார், என்ன செய்தார் என்று தேட வேண்டும். அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு, சிங்கப்பூர்க் குழாய்நீரின் வழியைத் தேடினோம். நம் வீடுகளில் ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 140 லிட்டர் நீர் பயன்படுத்துகிறார். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். பத்து லிட்டர் வாளியில் சுமந்தால் 14 நடை. அந்த நீர் ஜோகூரிலிருந்தும், மழைநீர் சேரும் நீர்த்தேக்கங்களிலிருந்தும், புதுநீர் ஆலைகளிலிருந்தும், கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வருகிறது. இரவுப்பணியில் குழாய்க் கசிவைச் சரிசெய்பவரும் அந்த வரிசையில் இருக்கிறார். 1963 ஏப்ரலிலிருந்து 1964 பிப்ரவரிவரை, வறட்சியால் சிங்கப்பூரில் தண்ணீர் பங்கிடப்பட்டது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

2003ல் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் ஒரு பிரிவு மாணவர்கள் வாரம் ஒருமுறை, பத்து வாரங்களுக்கு, தாங்கள் நன்றியோடு நினைக்கும் ஐந்து விஷயங்கள்வரை எழுதினர். எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிட இவர்கள் வாழ்க்கையைக் குறித்து நிறைவாக உணர்ந்தனர். பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தப் பலன் சிறிய அளவிலானது என்று தெரிந்தது. மனச்சோர்வுக்கு இது மருந்தாகாது. அதற்கு உதவி நாடத்தான் வேண்டும்.

இதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: பேருந்து, மதிய உணவு, வகுப்பறை விளக்கு, எதுவானாலும் சரி. அது உங்களிடம் வந்து சேர உழைத்தவர்களைப் பட்டியலிடுங்கள். அவர்களில் ஒருவரையாவது நேரில் பார்த்து நன்றி சொல்லுங்கள்.