சுலவேசிக் கரையில் ஒரு பாய்க்கப்பல் கட்டக் கொடுப்பது

1938 ஆகஸ்ட் முதல் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்கு இரண்டு பாய்மரங்கள் கொண்ட மரக்கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. நீளம் 89 அடி. ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்பது அதற்குப் புதிதாக வைத்த பெயர். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டியபோது அது ‘அன்னபூரணி அம்மாள்’. சிறிய படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றிவந்திருந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். அவ்வளவு தூரம் அதை ஓட்டிச் சென்றவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தார்கள்.

அப்படி ஒரு கப்பல் வேண்டும் என்ற ஆசை இன்றும் பலருக்கு உண்டு. எண்பது, நூறு அடி நீளத்தில் பழைய முறையில் கட்டிய மரப் பாய்க்கப்பல். ஆனால் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கட்டினால் ஆகும் செலவு தாங்காது. அப்படிப்பட்டவர் எங்கே போவார்? கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பல் கட்டும் ஓடாவிகள், அதாவது கப்பல் தச்சர்கள், இருக்கிறார்கள். அரபு நாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாங்குகிறார்கள். துருக்கியின் போத்ரும் கரையில் குலெத் என்னும் மரக்கப்பல் கட்டுகிறார்கள். ஆனால் பெரிய மரக்கப்பல்களை இன்றும் கடற்கரை மணலில் வரிசையாக நிறுத்திக் கட்டும் இடம் என்றால், இந்தோனேசியாவின் தெற்கு சுலவேசியில் உள்ள புலுக்கும்பா மாவட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். தானா பெரு, ஆரா, பீரா என்ற ஊர்கள். அங்கே கட்டும் கப்பலுக்குப் பொதுப் பெயர் பினிசி. 2017இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. இக்கலை நடக்கும் ஊர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஏழு பேர் கப்பல் கட்டுவதையும் கடலோடுவதையும் சார்ந்தே பிழைக்கிறார்கள் என்று யுனெஸ்கோவின் குறிப்பு சொல்கிறது.

கட்டுகிறவர்கள் கொன்ஜோ மக்கள். அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. சவேரிகாடிங் என்ற வீரனின் கப்பல் உடைந்து, பலகைகள் ஆராவிலும், அடிக்கட்டையான ஏரா லெமோ லெமோவிலும், பாயும் கயிறும் பீராவிலும் கரை ஒதுங்கின. அதனால்தான் ஆராக்காரர்கள் ஓடாவிகளாகவும் பீராக்காரர்கள் மாலுமிகளாகவும் ஆனார்களாம். கப்பல் கட்டக் கொடுப்பவர் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் ஒரு கம்பெனியிடம் போகவில்லை, ஊர்களுக்குள் தொழில் பிரிந்து கிடக்கும் ஒரு சமூகத்திடம் போகிறீர்கள்.

அங்கே கட்டுவது ஏன் மலிவு? கூலி குறைவு என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மீதி, கட்டும் முறையில் இருக்கிறது. நாம் படங்களில் பார்க்கும் மேற்கத்திய முறையில் ஏராவை வைத்து, முதலில் விலா எலும்புபோல வங்குகளை நிறுத்தி, பிறகு அவற்றின்மேல் பலகை அடிப்பார்கள். அதற்கு ஒவ்வொரு வங்கின் வளைவையும் முன்கூட்டியே காகிதத்தில் வரைந்து, அளவெடுத்து, அறுத்து வைத்திருக்க வேண்டும். கொன்ஜோ ஓடாவிகள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏராவிலிருந்து தொடங்கிப் பலகைமேல் பலகையாகக் கப்பலின் உடலான ஓட்டை முதலில் எழுப்புகிறார்கள். ஒரு பலகையின் விளிம்பில் துளையிட்டு, அதில் மர ஆணிகளை நட்டு, அடுத்த பலகையை அதன்மேல் அறைந்து இறக்குகிறார்கள். இடையில் மரப்பட்டை நார் வைத்து அடைப்பார்கள், அதுதான் கலப்பத்து. ஓடு எழுந்த பிறகுதான் அதன் வளைவுக்குத் தக்கபடி உள்ளே வங்குகளைச் செதுக்கிப் பொருத்துகிறார்கள். இயல்பாகவே கோணிக்கொண்டு வளரும் பித்தி மரம் இதற்குத் தோதானது. எந்தப் பலகை எங்கே வரும், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பன்ரிதா லோபி என்று அழைக்கப்படும் மூத்த ஓடாவியின் தலைக்குள் இருக்கிறது. வரைபடச் செலவு இல்லை, பட்டறைக் கூரை இல்லை, உலர்துறை இல்லை. மணல்தான் பட்டறை. இப்போது சங்கிலி ரம்பமும் மின் இழைப்புளியும் வந்துவிட்டன என்றாலும் முறை மாறவில்லை.

மலிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்களே பணத்தை இழக்கிறார்கள். புங்காவா எனப்படும் மேஸ்திரி சொல்லும் விலை பெரும்பாலும் ஓட்டுக்கு மட்டும்தான். ஏரா, பலகை, வங்கு, தளம், மேலே ஒரு மரவீடு, அவ்வளவே. எஞ்சின், ஜெனரேட்டர், மின்கம்பி, பம்புகள், தண்ணீர்த் தொட்டி, பாய்த்துணி, நங்கூரச் சங்கிலி, ரேடார், உயிர்காப்புத் தெப்பம் எல்லாம் உலக விலையில்தான் வரும். சுலவேசியில் கட்டுவதால் அவை ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஓட்டின் விலையைக் கேட்டு மகிழ்ந்து கையெழுத்துப் போட்டவர், கப்பல் தண்ணீரில் மிதக்கத் தொடங்கிய பிறகுதான் செலவின் பெரும்பகுதி இனிமேல்தான் என்று தெரிந்துகொள்கிறார். கடற்கரையில் பாதியில் நின்று வெயிலில் வெடிக்கும் ஓடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிழைதான் இருக்கும்.

இனி மரம். ஏராவுக்கும் நீரில் நிற்கும் பலகைக்கும் உலின் என்ற இரும்பு மரத்துக்கு ஈடு இல்லை. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். கப்பல் புழு எளிதில் துளைக்காது. தளத்துக்கும் அறைகளுக்கும் தேக்கு அல்லது பங்கிராய். ஆனால் உலின் இன்று அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது. அது களிமந்தானிலிருந்து வர வேண்டியிருக்கிறது. சில சமயம் ஓடாவிகளே குடும்பத்தோடு களிமந்தான் கரைக்குப் போய், மரம் இருக்கும் இடத்திலேயே கட்டுகிறார்கள். சட்டப்படி வெட்டிய மரம் என்ற சான்றிதழை ஒவ்வொரு லோடுக்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது. நாளை இன்னொரு நாட்டில் கப்பலைப் பதியும்போது அந்தக் காகிதத்தைக் கேட்கவும் செய்வார்கள்.

மரத்தின் ஈரம்தான் இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. காற்றில் உலர்த்தும் மரத்துக்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்று தச்சர்கள் வழிவழியாகச் சொல்வதுண்டு. மூன்று அங்குலப் பலகைக்கு மூன்று ஆண்டுகள் யார் காத்திருப்பார்கள்? ஆகவே பச்சை மரத்திலேயே வேலை ஓடுகிறது. நீருக்குக் கீழே அது அவ்வளவு கெடுதல் இல்லை. எப்படியும் ஊறியே கிடக்கப் போகிற மரம். ஆனால் தளமும் தளத்தைத் தாங்கும் உத்திரங்களும் மரவீடும் வெயிலில் கிடக்கின்றன. அங்கே பச்சை மரம் சுருங்கும், இணைப்பு விடும், முதல் மழையிலேயே படுக்கைமேல் சொட்டும். அதனால் பணம் கையில் வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், தளத்துக்கான மரத்தை வாங்கி நிழலில் அடுக்கிவிடுவது. ஓடு எழும் காலம் முழுவதும் அது உலரட்டும். இந்த ஒரு முன்யோசனையால் மிச்சமாகும் பணத்துக்கு இணையாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆணிகளையும் போல்ட்டுகளையும் கப்பல் கட்டக் கொடுப்பவரே வாங்கித் தருவது நல்லது. சாதாரண இரும்பு போல்ட் சில ஆண்டுகளில் துருப்பிடித்து மரத்தையும் சேர்த்து அரிக்கும். எவர்சில்வர் பளபளப்பாக இருக்கிறதே என்று நீருக்கு அடியில் போட்டால், காற்றுப் படாத ஈர மரத்துக்குள் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் அரிபடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்போ வெண்கலமோதான் அங்கே நிற்கும்.

அடுத்தது, உண்மையிலேயே பாய் விரித்து ஓட்டப் போகிறீர்களா என்ற கேள்வி. ‘பினிசி’ என்பது கண்டிப்பாகப் பேசினால் ஓட்டின் பெயரே அல்ல. பாய் அமைப்பின் பெயர். இரண்டு பாய்மரம், ஏழு பாய்: முன்பகுதியான அணியத்தில் மூன்று, பெரிய பாய் இரண்டு, அவற்றுக்கு மேலே இரண்டு. பெரிய பாயைத் தாங்கும் சாய்கழி இறங்குவதே இல்லை. பாயைத் திரைச்சீலைபோல அதன்மேல் இழுத்து விரிப்பார்கள், சுருக்குவார்கள். சிறு கூட்டமே பெரிய கப்பலை ஓட்ட வகைசெய்யும் அருமையான ஏற்பாடு. 1986இல் ‘பினிசி நுசாந்தரா’ பசிபிக்கைக் கடந்து கனடாவின் வான்கூவர் கண்காட்சிக்குப் போனது. ஆனால் 1970களிலிருந்து சரக்குக் கப்பல்களில் எஞ்சின் ஏறி, பாய்மரம் குட்டையானது. இன்று சுற்றுலாவுக்குக் கட்டும் பலவற்றில் பாய் படம் எடுப்பதற்குத்தான். அதைவிடக் கவலையான விஷயம், அறைகள் வேண்டும் என்று தளத்துக்கு மேல் இரண்டு மூன்று அடுக்கு ஏற்றுவது. சரக்கு ஏற்றவென்றே உருவான ஓடு அது. சரக்கு அடியில் இருக்கும்போது நிலையாக நிற்கும். அடியில் ஒன்றுமில்லாமல் மேலே கனம் ஏறினால் கவிழும். கொமோடோ தீவுகளைச் சுற்றிய கடலில் பயணிகளோடு இப்படிப்பட்ட படகுகள் கவிழ்ந்திருக்கின்றன. எனவே முதல் பலகை ஏறுவதற்கு முன்பே ஒரு கப்பல் வடிவமைப்பாளரை அமர்த்தி, நிலைத்தன்மைக் கணக்கும் அடிப்பாரமும் தீர்மானித்துவிட வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

வடிவமைப்பாளரின் படமும் ஓடாவியின் கண்ணும் ஒத்துப்போகுமா? போகும். 2014இல் முடிந்த 65 மீட்டர் ‘லமிமா’வுக்கு வெளிநாட்டு வடிவமைப்பாளர் வரைந்தார், கொன்ஜோ ஓடாவிகள் சுலவேசியில் ஓடு கட்டினார்கள், உள்வேலை தாய்லாந்தில் நடந்தது. ஓட்டை ஓடாவிகளிடமும் எந்திரத்தைத் தொழிற்சாலைத் தரமுள்ள துறையிடமும் பிரித்துக் கொடுப்பது நல்ல வழி என்றே நான் நினைக்கிறேன். நடுவில் நம்பகமான ஒருவர் கடற்கரையில் தினமும் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை விமானத்தில் வந்து பார்த்தால், மூடிவிட்ட பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஏரா வைத்தபோது, ஓடு முடிந்தபோது, தளம் போட்டபோது, கடலில் இறக்கியபோது என்று பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். மரத்துக்கான பணத்தை மட்டும் தாமதிக்காதீர்கள். மேஸ்திரியிடம் கடனுக்கு மரம் வாங்கும் வசதி இருக்காது.

ஏரா வெட்டும் நாளில் அங்கே இருங்கள். அன்று ஏராவின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு துண்டு அறுப்பார்கள். முன்முனைத் துண்டு கடலுக்குப் போகும். அது கடலோடப் போகும் கணவன். பின்முனைத் துண்டு வீட்டுக்கு வரும். அது காத்திருக்கும் மனைவி. கப்பல் கடலில் இறங்கும் முன் ஏராவின் நடுவில் துளையிட்டுத் தொப்புள் வைக்கும் சடங்கும் உண்டு. அவர்களுக்கு அது பிள்ளை. இதையெல்லாம் வேடிக்கையாகப் பார்க்கிற உரிமையாளருக்கும், கையைக் கட்டி ஓரமாக நின்று தன் பங்கைச் செய்கிற உரிமையாளருக்கும் ஓடாவிகள் ஒரே மாதிரி வேலை செய்வார்கள் என்று நான் நம்பவில்லை.

சட்டத்தில் கவனிக்க வேண்டியது முக்கியமாக ஒன்று. 2008ஆம் ஆண்டின் 17ஆம் எண் கப்பல் சட்டப்படி இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே கூலிக்கு ஆளோ சரக்கோ ஏற்ற இந்தோனேசியக் கொடி வேண்டும். அந்தக் கொடி வேண்டுமென்றால் கப்பலை வைத்திருக்கும் நிறுவனத்தில் பெரும்பங்கு இந்தோனேசியக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். உள்ளூர் நண்பர் பெயரில் எழுதிவைக்கும் குறுக்குவழியில் கப்பலே கைவிட்டுப் போகலாம். வெளியே கொண்டுபோவதாக இருந்தால், எந்த நாட்டுக் கொடி என்பதை முதலிலேயே முடிவுசெய்து, அந்நாடு ஏற்கும் வகைப்பாட்டுச் சங்கத்தின் ஆய்வாளரைக் கட்டும்போதே வரவழையுங்கள். கட்டி முடித்த மரக்கப்பலுக்குப் பிறகு சான்று வாங்குவது மிகக் கடினம்.

கடலில் இறக்குவது ஒரு நாள் வேலை அல்ல. அடியில் உருளைக்கட்டை வைத்து, சங்கிலிக் கப்பியால் இழுத்து, ஏற்றநீருக்குக் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். அதன் பிறகும் வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றி, கலப்பத்தைப் பார்த்து, அடியில் புழு எதிர்ப்புப் பூச்சு அடிக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர் நீங்கள் போகும் துறைமுகத்தில் இருக்க மாட்டார். ஆகையால் ஒப்பந்தம் எழுதும்போதே, முதல் பயணத்தில் கட்டிய ஓடாவிகளில் ஒருவர் சம்பளத்தோடு கூட வர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். புதுக் கப்பல் முதல் ஆறு மாதத்தில் எங்கெங்கே முனகும், எந்த இணைப்பை மறுபடி அடைக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.