ஒசாகாவில் ஒன்றரை மா வயல்!

ஜப்பான் என்றதும் டோக்கியோ, புல்லட் ரயில், ஃபியூஜி மலை என்றுதான் நமக்கு நினைவு வரும். ஆனால், நெல் விளைகிற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒசாகாதான். இந்தப் பெரிய நகரத்துக்கு ‘நாட்டின் சமையலறை’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. சாப்பாட்டு ருசியால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். 300 வருஷங்களுக்கு முன்பு ஜப்பானின் சிற்றரசர்கள் குடிமக்களிடம் வரியாக வாங்கிய அரிசி, படகு படகாக இங்கேதான் வந்து இறங்கி விலைபோனது. அந்த அரிசியால் வளர்ந்த ஊர் இது.

எங்களுக்குத் திருவையாறு பக்கம் ஒரு கிராமம். குடமுருட்டிப் பாசனம். கல்யாணமாகி 34 வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் நானும் கணவரும் சேர்ந்து வெளியே போனதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, துக்கம், ஆஸ்பத்திரி, நேர்த்திக்கடன் என்ற கணக்கில்தான் வரும். ‘சும்மா ஊர் பார்க்க’ என்று இருவர் மட்டும் கிளம்பியதே இல்லை. மகள் மூன்று வருஷமாக ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவரும் “நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும்” என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

2025 ஜூனில் அந்தச் சாக்கு இல்லாமல் போய்விட்டது. முதல்முறையாக இவர் குறுவை போடவில்லை. முழங்கால் வலி ஒரு பக்கம், நடவுக்கு ஆள் தேடுகிற அலைச்சல் ஒரு பக்கம். போதாக்குறைக்கு, சாலையோரம் இருக்கிற எங்கள் வயலை மனை போடுவதற்காக ஒருவர் விலைக்குக் கேட்டு வந்துபோய்க்கொண்டிருந்தார். “ஜப்பான் போயிட்டு வந்து சொல்றேன்” என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூர் வழியாக ஒசாகா போய்ச் சேர்ந்தோம்.

மகள் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவாள். போனில் வரைபடம் போட்டுக் கொடுத்து, கையில் ஆளுக்கொரு ரயில் அட்டையையும் கொடுத்து, “தைரியமா போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டாள்.

முதல் நாள்: கோட்டையும் ஆறும்

ஜூன் 12, வியாழக்கிழமை. முதலில் ஒசாகா கோட்டை. டொயோட்டோமி ஹிதேயோஷி என்ற தளபதி 1583-ல் கட்ட ஆரம்பித்தது. அவர் வம்சம் 1615-ல் போரில் தோற்க, கோட்டையும் அழிந்தது. அடுத்து வந்த டோக்குகவா ஆட்சியாளர்கள் எழுப்பிய கோபுரம் 1665-ல் இடி விழுந்து எரிந்தது. இப்போது வெள்ளையும் பச்சையுமாக நிற்பது 1931-ல் ஊர் மக்கள் நன்கொடை போட்டுக் கட்டிய கான்கிரீட் கட்டடம். உள்ளே லிஃப்ட்கூட இருக்கிறது. “நம்ம பெரிய கோயில் ஆயிரம் வருஷமா அதே கல்லுல நிக்குது” என்று இவருக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை மதில் பக்கம் வந்ததும் கொஞ்சம் அடங்கியது. சகுரா வாசலுக்குள் ‘டாக்கோ இஷி’ என்று ஒரே கல் நிற்கிறது. எடை சுமார் 108 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒகயாமா பக்கத்திலிருந்து கடல் வழியாக 400 வருஷங்களுக்கு முன்பு கொண்டுவந்தார்களாம். தஞ்சாவூரைச் சுற்றியும் கல் மலை கிடையாது; பெரிய கோயிலுக்கும் வெளியிலிருந்துதான் கல் வந்தது. கல்லுக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றோம்.

மதியத்துக்கு மேல் நக்கானோஷிமா. ஆற்றுக்கு நடுவே நீளமான தீவு. ஒசாகாவும் நம்மைப்போல ஒரு டெல்டாதான். யோடோ ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலில் சேரும் இடத்தில் ஊர் இருக்கிறது. பார்க்கும் இடமெல்லாம் பாலம். 1885-ல் வெள்ளம் வந்து ஊரே மூழ்கியது. அதற்குப் பிறகு, வெள்ள நீரை ஊருக்கு வெளியே கொண்டுபோக ஒரு புது ஆற்றையே வெட்டி, 1910-ல் முடித்தார்கள். “காவேரிக்குக் கொள்ளிடம் மாதிரி!” என்றார் இவர். நான் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்தக் காலத்தில் நக்கானோஷிமாவைச் சுற்றி, சிற்றரசர்களின் அரிசிக் கிடங்குகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. எதிர்க்கரையில் டோஜிமா. அங்கே நடந்த அரிசி வியாபாரத்துக்கு 1730-ல் அரசு முறைப்படி அனுமதி கொடுத்தது. கையில் ஒரு மணி அரிசி இல்லாமலே, பின்னால் வரப்போகும் விலையைப் பேசி வாங்கவும் விற்கவும் செய்தார்கள். இன்று பங்குச் சந்தையில் ‘ஃபியூச்சர்ஸ்’ என்கிறார்களே, அதன் முதல் வடிவம் இதுதான் என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். இங்கே முடிவான விலையைக் குன்றுக்குக் குன்று கொடி அசைத்து, தொலைநோக்கியில் பார்த்து, அடுத்தடுத்த ஊர்களுக்குத் தெரிவித்தார்களாம். அந்தச் சந்தை 1939-ல் மூடப்பட்டது.

சந்தை இருந்த ஆற்றங்கரையில், ஒற்றை அரிசி மணியின் வடிவில் ஒரு பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒசாகாவைச் சேர்ந்த, உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் டடாவோ ஆண்டோ வடிவமைத்து 2018-ல் வைத்தது. “அரிசிக்கு செல வச்சிருக்கான் பாரு” என்று சந்தோஷப்பட்டவர், கொஞ்சம் கழித்து, “ஆனா வெல பேசுன எடத்துல வச்சிருக்கான். வெளைஞ்ச எடத்துல இல்ல” என்றார்.

ராஜராஜ சோழன் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலில் ஆடிய பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எழுதிவைத்தான். ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளக்க வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. ஜப்பானில் அதற்குக் ‘கொக்கு’ என்ற அளவு. ஒரு கொக்கு என்பது ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி, சுமார் 150 கிலோ. ஒரு சிற்றரசன் எவ்வளவு பெரியவன் என்பதையே இத்தனை கொக்கு என்றுதான் சொல்வார்கள். நெல்லை வைத்து மனிதரை அளந்த ஊர்கள் இரண்டும்.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து இவர் போனைத் திறந்தார். மேட்டூர் அணை திறந்த செய்தி. மதகிலிருந்து தண்ணீர் பாய்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் எதுவும் பேசவில்லை.

இரண்டாம் நாள்: ஒரு ஆர்டர், இரண்டு கிண்ணம்

வெள்ளிக்கிழமை டோட்டொன்போரி. 400 வருஷங்களுக்கு முன்பு வெட்டிய வாய்க்கால். இன்று இரண்டு கரையிலும் கடைகளும் வண்ண விளக்குகளும். கைகளைத் தூக்கி ஓடும் ‘கிளிக்கோ’ மனிதரின் விளம்பரப் பலகைக்கு முன்னால் எல்லோரும் அதேபோல் நின்று படம் எடுக்கிறார்கள். முழங்கால் வலிக்காரரும் ஒற்றைக் காலைத் தூக்கினார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு சந்து திரும்பினால் ஹோசென்ஜி கோயில். அங்கே ‘ஃபுடோ’ என்ற காவல் தெய்வத்துக்கு, வருகிறவர்களே தண்ணீர் மொண்டு ஊற்றி வேண்டிக்கொள்கிறார்கள். ஊற்றி ஊற்றி, சிலை முழுக்கப் பச்சைப் பாசி. ‘அசலன்’ என்ற பெயரில் இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன தெய்வம் இது. அபிஷேகம் செய்து பழகிய கைக்குச் சொல்லித்தர வேண்டுமா? நானும் ஊற்றினேன்.

கோயிலை ஒட்டியே ‘மெயோட்டோ சென்சாய்’ என்று 1883-ல் ஆரம்பித்த கடை. ‘மெயோட்டோ’ என்றால் கணவன் மனைவி. இனிப்பான சிவப்புப் பயறுக் கஞ்சியில் அரிசி மாவு உருண்டை போட்டுத் தருகிறார்கள். ஒருவர் ஒன்று கேட்டாலும், அதை இரண்டு சின்னக் கிண்ணத்தில் பிரித்துத்தான் வைப்பார்கள். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. சேர்ந்து சாப்பிட்டால் ஒற்றுமையாக இருப்பார்கள் என்பது நம்பிக்கை. இதே பெயரில் ஒடா சகுனோசுகே 1940-ல் ஒரு கதை எழுத, அது சினிமாவாகவும் வந்தது.

எங்கள் வீட்டில் இவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்காருவது வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே பழகிவிட்டது. அன்று எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில் கிண்ணத்தை எடுத்தோம். “நெலத்த என்ன பண்ணலாம்னு நெனைக்கிற?” என்று கேட்டார். வயலைப் பற்றி அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல்தடவை. “வித்தா பணம் வரும். காலைல எந்திரிச்சு எங்க போவீங்க?” என்றேன். பதில் சொல்லவில்லை. தொட்டுக்கொள்ள வைத்திருந்த உப்புக் கடற்பாசியை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

• சைவம் சாப்பிடுபவர்கள் கவனம்: காய்கறிச் சாறு, நூடுல்ஸ் போன்ற பலவற்றிலும் மீன் சாறு கலந்திருக்கும். ‘மீன் சாறும் வேண்டாம்’ என்பதை ஜப்பானிய மொழியில் போனில் எழுதி வைத்துக் காட்டுவது நல்லது.

• 24 மணி நேரக் கடைகளில் ‘உமேபோஷி’ வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். உப்பும் புளிப்புமான அந்த ஊறுகாய் நம் நார்த்தங்காய்க்குத் தங்கச்சி. தயிரும் அங்கேயே கிடைக்கும். சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

• ‘இக்கோகா’ அட்டை ஒன்று வாங்கிவிட்டால் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் அதுவே டிக்கெட்.

• எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடது பக்கம் நிற்பார்கள். ஒசாகாவில் வலது பக்கம்.

• ஜூனில் அங்கே மழைக்காலம். புழுக்கமும் நம் ஊர் போலத்தான். குடையும், நடந்து பழகிய செருப்பும் அவசியம்.

மூன்றாம் நாள்: நகரத்துக்கு நடுவே நடவு

சனிக்கிழமை, ஜூன் 14. மகளுக்கு விடுமுறை. மூன்று வருஷமாக ஒசாகாவில் இருந்தும் அவள் பார்க்காத இடத்துக்கு நாங்கள் அவளை அழைத்துப்போனோம். தெருவோடு ஓடும் பழைய டிராமில் ஏறினால், சுமியோஷி தைஷா கோயில் வாசலிலேயே இறங்கலாம். கடல் பயணம் காக்கும் தெய்வத்தின் கோயில். குளத்தின் மேல் வில்லாக வளைந்த சிவப்புப் பாலம். உள்ளே 1810-ல் கட்டிய நான்கு சன்னிதிகளும் அந்த நாட்டின் தேசியப் பொக்கிஷங்கள்.

நாங்கள் போனது வேறொன்றைப் பார்க்க. கோயிலுக்குள்ளேயே ஒரு வயல் இருக்கிறது. வருஷா வருஷம் ஜூன் 14 மதியம் 1 மணிக்கு அங்கே நடவுத் திருவிழா. மாடு பூட்டிச் சேடை ஓட்டுகிறார்கள். பூ வைத்த தொப்பியோடு அலங்கரித்த பெண்கள், பூஜையில் வைத்த நாற்றைக் கொண்டுவந்து, நடவுப் பெண்களிடம் கொடுக்கிறார்கள். அவர்கள் வரிசையாகக் குனிந்து நட, வயலுக்கு நடுவே போட்ட மேடையில் ஆட்டமும் பாட்டும் நடக்கிறது. முளைக்கும் பயிருக்கு அந்தப் பாட்டு தெம்பு தரும் என்று நம்புகிறார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரிலும் நடவென்றால் பாட்டும் குலவையும்தான். இப்போது மெஷின் நடவு; இல்லையென்றால் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் பிள்ளைகள் நடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் இல்லையென்றால் பல வயல் தரிசுதான். பாட்டு மட்டும் இல்லை.

வரப்பை அளவெடுத்துக்கொண்டே வந்த இவர், “ஒன்றரை மா இருக்கும்” என்றார். மகள் போனில் தேடினாள். ஏறக்குறைய 20 ஏர், அதாவது அரை ஏக்கர். சரியாக ஒன்றரை மா! 19-ஆம் நூற்றாண்டில் மெய்ஜி ஆட்சி வந்தபோது இந்த வயலும் கோயிலின் கையைவிட்டுப் போனது என்றும், ஒசாகாவின் ஷின்மாச்சி கேளிக்கைப் பகுதியினர் அதை விலைக்கு வாங்கிக் கோயிலுக்கே திருப்பித் தந்தார்கள் என்றும் படித்துச் சொன்னாள். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். அந்த நிலத்துக்கு மனை விலை என்ன வரும் என்று இவர் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

அந்த வருஷம் ஜப்பானில் அரிசித் தட்டுப்பாடு. 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியது. நம் பணத்தில் கிலோ 450 ரூபாய்க்கும் மேல். “நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் நிறையக் கொடுக்கிறார்கள்” என்ற பொருளில் பேசிய வேளாண் அமைச்சர் டகு எட்டோ, மே மாதம் பதவியையே விட வேண்டியதாயிற்று. அரசு சேமிப்புக் கிடங்கைத் திறந்து விற்றது. அங்கே விவசாயிகளின் சராசரி வயது 70-ஐ நெருங்குகிறது என்று மகள் சொன்னபோது, “அப்ப 62-ல நான் எளவட்டம்” என்று சிரித்தார் இவர்.

கூட்டம் கலைந்த பிறகும் மகள் நட்ட வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்ம வயல் மொத்தம் எத்தனை மாப்பா?” என்று கேட்டாள். 27 வயசுப் பிள்ளைக்கு அது தெரியாது, நாங்களும் சொன்னதில்லை. டிராமுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க, வாய்க்கால் தலைப்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு மா. அவள் போனில் குறித்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பியதும், மனை கேட்டவரிடம் “இப்ப இல்லைங்க” என்று சொல்லிவிட்டார். பத்தரை மாவைத் தெரிந்த பையன் ஒருவரிடம் குத்தகைக்கு விட்டார். மீதி ஒன்றரை மாவில் மாப்பிள்ளைச் சம்பா போட்டார். புரட்டாசியில் நடவு. நான்கு பெண்களோடு நானும் இறங்கினேன். இரண்டு பாட்டுதான் எங்களுக்கு நினைவிருந்தது. அதையே மாற்றி மாற்றிப் பாடி நட்டு முடித்தோம். வீடியோ காலில் ஒசாகாவிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.