ஆளில்லாத துறைமுகம்

'தி வயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டாவது சீசனில் பிணங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கன்டெய்னருக்குள் மூச்சுமுட்டிச் செத்துக்கிடக்கும் 13 பெண்கள் முதல் எபிசோடிலேயே கிடைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த சீசனின் மிகக் கொடூரமான காட்சி எதுவென்று கேட்டால், ஏழாவது எபிசோடில் வரும் ஒரு கூட்டத்தைத்தான் சொல்வேன். அதில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

பால்டிமோர் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் பிராங்க் சோபோட்கா, அந்தக் கூட்டத்தில் ராட்டர்டாம் துறைமுகத்தைப் பற்றிய படம் பார்க்கிறார். கன்டெய்னர்களைச் சுமந்துகொண்டு வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன. ஓட்டுநர் இல்லை. படம் காட்டுபவருக்கு அது பெருமை; பிராங்குக்கோ தன் ஆட்களின் சாவு ஓலை. நடிகர் கிறிஸ் பாவர் பேசுவது குறைவு. முகம் மட்டும் இறுகிக்கொண்டே போகிறது. இது கற்பனையும் அல்ல. 1993 முதலே ராட்டர்டாமின் ஒரு முனையத்தில் ஓட்டுநரில்லா வண்டிகள் ஓடுகின்றன.

பிராங்க் கடத்தல்காரர்களுக்குத் துணைபோனவர்தான். சில கன்டெய்னர்கள் கணக்கில் 'காணாமல்' போகும். அதற்குப் பணம் வரும். அந்தப் பணத்தில் அவர் மாளிகை கட்டவில்லை. கால்வாயை ஆழப்படுத்துங்கள், தானியத் துறையை மறுபடி திறந்துவிடுங்கள் என்று கேட்டு அரசியல்வாதிகளிடம் கொட்டினார். கப்பல் வந்தால்தானே வேலை! அண்ணன் மகன் நிக்குக்கு சீனியாரிட்டி இல்லாததால் மாதத்தில் சில நாள்தான் வேலை. தன் அத்தை வாழ்ந்த வீட்டைக்கூட அவனால் விலைக்கு வாங்க முடியவில்லை. கடத்தல் கூலியில் ஒரு பகுதியை ஹெராயினாக வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு அவன் வந்து சேர்வது இந்த வழியாகத்தான். பேராசை என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

2002இல் தொடங்கிய இந்தத் தொடரின் படைப்பாளி டேவிட் சைமன், 'பால்டிமோர் சன்' நாளிதழில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரின் முன்னாள் துப்பறியும் காவலர். முதல் சீசன் முழுக்கப் போதைமருந்து விற்கும் கறுப்பின இளைஞர்களைக் காட்டியவர்கள், அடுத்ததில் வெள்ளையினக் குடும்பமான சோபோட்காக்களின் துறைமுகத்துக்குப் போனது சில ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் தொடரின் துணிச்சல். வேலை போன இடத்தில் போதைமருந்து வந்து உட்கார்வதற்குத் தோலின் நிறம் ஒரு பொருட்டே அல்ல என்பதை வேறு எப்படிக் காட்டுவது?

பிராங்கின் அச்சம் கதையோடு முடியவில்லை. 2024 அக்டோபரில் பால்டிமோர் உட்பட அமெரிக்கக் கிழக்குக் கரைத் துறைமுகங்கள் மூன்று நாள் நின்றுபோயின. தொழிலாளர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. தங்கள் வேலையை இயந்திரங்களுக்குக் கொடுக்காதீர்கள் என்பதும்தான்.