பழைய பெட்டியும் புதிய விளையாட்டும்

பழைய ஜரிகைப் புடவையைப் போட்டுப் பாத்திரம் வாங்குகிற சாமர்த்தியம் நம் வீட்டுப் பெண்மணிகளிடம் இருப்பதுபோல் வேறு யாரிடமும் கிடையாது. பாத்திரக்காரர் என்ன குட்டிக்கரணம் போட்டாலும், ஜரிகையின் தரம் என்ன, எவர்சில்வரின் கனம் என்ன என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவீர்கள். ஆனால் பிள்ளையாண்டான் வந்து, "அம்மா, நம் கம்ப்யூட்டரில் கேம் ஓடவே மாட்டேன் என்கிறது. புதிதாக ஒன்று வாங்கவேண்டும்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் மட்டும், "எனக்கென்னடா தெரியும்? அப்பாவைக் கேள்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுகிறீர்கள்.

அப்பாவுக்கு மட்டும் என்ன தெரியும், பாவம்! ரிச்சி தெருவுக்குப் போவார். கடைக்காரர், "இது பழைய காலத்து மிஷின் ஸார், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்பார். இவரும் தலையை ஆட்டுவார். பெண்ணின் காலேஜ் பீஸுக்கு என்று நீங்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகை ஒரே மாலையில் கரைந்துவிடும்.

அது கரைய வேண்டியதில்லை. பழைய பெட்டியில் எது ஜரிகை, எது வெறும் நூல் என்று தெரிந்துவிட்டால், பாதிப் பணத்திலேயே காரியம் ஆகலாம்.

முதலில் பெட்டிக்குள் யார் யார் குடித்தனம் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். காபினெட் என்கிற தகரப் பெட்டிக்குள்ளே மதர்போர்டு என்று ஒரு பெரிய பலகை இருக்கிறது. மற்ற எல்லாரும் அதில்தான் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். கணக்குப் போடுகிறவர் பிராஸஸர். அவர் கணக்குப் போடும்போது கைக்கெட்டும் தூரத்தில் சாமான்களைப் பரப்பிவைத்துக்கொள்ளும் மேஜை, ராம். படம் வரைகிறவர் கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டையும் உங்கள் வீட்டுக் கல்யாண போட்டோக்களையும் சேர்த்துவைக்கும் பரண், ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. இத்தனை பேருக்கும் மின்சாரம் பரிமாறுகிறவர் எஸ்.எம்.பி.எஸ். அவ்வளவுதான் குடும்பம்.

பையனிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "எந்த விளையாட்டுடா?" (பையன் என்று எழுதுகிறேனே தவிர, பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறவள் பெண்தான்!) ஏனென்றால் விளையாட்டுக்கு விளையாட்டு பசி வித்தியாசப்படும். 2020-இல் வந்த வாலரண்ட் மாதிரியான விளையாட்டுகள் கொஞ்சம் கஞ்சியோடு திருப்தியடைந்துவிடும். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025-இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்றவை அப்படியல்ல. ஒளி எப்படி விழுந்து எப்படித் தெறிக்கும் என்று கணக்கிடும் 'ரே டிரேஸிங்' சுற்று கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயே இருந்தால்தான் அவை இலை முன் உட்காரும். 2016-இல் பெயர் வாங்கிய ஜி.டி.எக்ஸ். 1060 கார்டில் அந்தச் சுற்று கிடையாது. ஆகையால் அதை வைத்துக்கொண்டு எத்தனை தவம் கிடந்தாலும் பலன் இல்லை. வாலரண்டுக்கோ அதே கார்டு தாராளம். பையன் கேட்பது வாலரண்ட்தான் என்றால், செலவே இல்லாமல்கூடப் போகலாம்.

இரண்டாவதாக, யார் மந்தம் என்று கண்டுபிடிக்கவேண்டும். இதற்குக் கடைக்காரர் வேண்டாம். பையன் விளையாடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மானேஜர் என்ற ஜன்னல் திறக்கும். அதில் 'பெர்பார்மன்ஸ்' பகுதியில் ஒவ்வொருவரும் எத்தனை சதவிகிதம் உழைக்கிறார்கள் என்று கோடு ஓடிக்கொண்டிருக்கும். படம் திக்கித் திணறும்போது கிராபிக்ஸ் கார்டு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேலேயே நிற்கிறதா? அப்படியானால் கார்டுதான் மூச்சு வாங்குகிறது. அது ஐம்பது அறுபதில் சும்மா உலாத்திக்கொண்டிருக்கிறதா? அப்போது பிராஸஸர் கணக்குப் போட்டுத் தருவதற்காக அது காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் புதுக் கார்டு வாங்கிப் போட்டால், அதுவும் சேர்ந்து காத்திருக்கும்! ராம் நிரம்பி வழிகிறதா என்பதையும் அதே ஜன்னலில் பார்த்துவிடலாம். ஒரு ஜாக்கிரதை: விளையாட்டுக்குள்ளே 'வி-ஸிங்க்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதை அணைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் கணக்குத் தப்பிவிடும்.

இனிமேல்தான் முக்கியமான சமாசாரம். மதர்போர்டு, பிராஸஸர், ராம் இந்த மூன்றும் கூட்டுக் குடும்பம். ஒன்று போனால் மற்ற இரண்டும் கூடவே மூட்டை கட்டலாம். அல்லது மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிச் சமாளிக்கவும் முடியலாம். உங்கள் வீட்டில் எது நடக்கும் என்பது ராம் எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்தது. டி.டி.ஆர்.3 என்றால் ஒரு வழி, டி.டி.ஆர்.4 என்றால் இன்னொரு வழி. இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம்.

மாம்பலத்து வீட்டில் இருப்பது 2018-இல் வாங்கிய கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரைஸன் 5 2600 பிராஸஸர், பி450 மதர்போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.4 ராம். கடைக்காரர் இதையும் பழசு என்றுதான் சொல்வார். ஆனால் இந்த அம்மாள் அதிர்ஷ்டசாலி! பிராஸஸர் உட்காரும் பீடத்துக்கு ஏ.எம்.4 என்று பெயர். 2020 நவம்பரில் வந்த ரைஸன் 5000 வரிசைப் பிராஸஸர்களும் அதே பீடத்தில் உட்காரும். 2022-இல் வந்த ரைஸன் 5 5600 ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால், பலகையும் ராமும் அப்படியே இருக்கப் பிராஸஸர் மட்டும் இரண்டு தலைமுறை தாண்டிவிடும்.

அந்த ராம் அப்படியே இருப்பது சின்ன லாபம் அல்ல. 2025-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறிற்று. செயற்கை அறிவுக்காக உலகெங்கும் எழுப்பிய ராட்சதக் கம்ப்யூட்டர் கூடங்கள் மெமரிச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதுதான் காரணம். இத்தனை ரூபாய் என்று நான் இங்கே எழுதினால், இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அது பொய்யாகிவிடும். ஆகையால் வீட்டிலிருக்கும் பழைய டி.டி.ஆர்.4 ராமை எக்ஸ்சேஞ்சில் அற்பத் தொகைக்குக் கேட்டால், கொடுக்காதீர்கள். அதோடு இன்னொன்று. அந்த ராம் இத்தனை வருஷமாக முழு வேகத்தில் ஓடாமலே இருந்திருக்கலாம். பயாஸ் என்கிற ஆரம்பத் திரையில் 'எக்ஸ்.எம்.பி.' என்ற ஒன்றைப் போட்டால்தான், ராமின்மேல் அச்சிட்டிருக்கும் வேகம் கிடைக்கும். இதற்கு ஒரு தம்பிடி செலவில்லை.

பிராஸஸர் மாற்றுவதில் இரண்டு இடத்தில் கை நழுவும். பழைய பிராஸஸர் இருக்கும்போதே மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். மதர்போர்டுக் கம்பெனியின் வலைத்தளத்தில், எந்தப் பதிப்பு எந்தப் பிராஸஸருக்கு என்று ஜாபிதா இருக்கும். அதைச் செய்யாமல் புதியதைப் பொருத்திவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும், பையனின் முகமும்தான். இரண்டாவது, மேலேயிருக்கும் கூலர் விசிறியை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. நடுவிலிருக்கும் பசை வருஷக் கணக்கில் இறுகிப்போய், கூலரோடு பிராஸஸரும் பெயர்ந்து வந்துவிடும். ஏ.எம்.4 பிராஸஸரின் அடியில் மயிரிழை போன்ற கால்கள் நூற்றுக் கணக்கில் உண்டு. அவை வளைந்தால் போச்சு! கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு அணைத்துப் பிளக்கையும் எடுத்துவிட்டு, கூலரை இப்படியும் அப்படியும் மெள்ளத் திருகி எடுக்கவேண்டும். அடிப்பிடித்த பாத்திரத்தை எடுக்கும் பொறுமை வேண்டும். பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதுப் பசையும் இடவேண்டும்.

மயிலாப்பூர் வீட்டுக் கதை வேறு. அங்கே 2014-ஐச் சேர்ந்த ஐ5 4460 பிராஸஸரும் டி.டி.ஆர்.3 ராமும். இதில் கூட்டுக் குடும்பம் மொத்தமும் விடைபெறத்தான் வேண்டும். டி.டி.ஆர்.3 ராம் புதுப் பலகையில் நுழையவே நுழையாது. காடியே வேறு இடத்தில் வெட்டியிருக்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயசுப் பிராஸஸரை ஏற்பதில்லை. இங்கே பணம் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் காபினெட், எஸ்.எஸ்.டி., மானிட்டர், கீபோர்டு, மௌஸ் எல்லாம் ஊழியத்தில் நீடிக்கலாம். காபினெட்டுக்கு என்ன வயசாகிறது? முன்பக்கம் காற்று நுழைய வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வழியில்லாத கண்ணாடி முகப்பு என்றால், உள்ளே இட்லிப் பானைதான்.

விண்டோஸ் லைசென்ஸ் விஷயம் ஒன்று. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த லைசென்ஸ் பழைய மதர்போர்டோடு கட்டுண்டது. பலகை மாறினால் அது கூட வராது. தனியாகக் கடையில் வாங்கிய லைசென்ஸாக இருந்தால் வரும். பட்ஜெட் போடும்போது இதை மறந்துவிட்டுப் பின்னால் முழிக்கிறவர்கள் ஜாஸ்தி.

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகும்போது உங்கள் தையல் டேப்பை எடுத்துப் போகவேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தக் காலத்துக் கார்டுகளில் சில 30 செண்டிமீட்டருக்கும் மேல் நீளம். கனமும் இரண்டு மூன்று இடத்தை அடைக்கும். காபினெட்டின் பின்சுவரிலிருந்து முன்பக்க விசிறிவரை அளந்துகொண்டு போனால், வாங்கிவந்து நுழையாமல் நிற்கும் அவஸ்தை இல்லை. அப்புறம், புதுக் கார்டுகளில் பழைய மானிட்டரின் நீலநிற வி.ஜி.ஏ. முனைக்கு இடமே கிடையாது. எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் இரண்டுந்தான். மானிட்டரில் இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று முதலிலேயே பின்னால் எட்டிப் பாருங்கள். அந்த மானிட்டர் விநாடிக்கு 60 படந்தான் காட்டும் என்றால், 150 படம் வரைகிற கார்டுக்குப் பணம் கொட்டுவது, ஒரு பர்லாங்கு போய்வர ரேஸ் கார் வாங்குகிற கதை.

மலிவாக இருக்கிறதே என்று கார்டை வாங்குவதிலும் சூட்சுமம் உண்டு. 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு, பலகையோடு பேசுவதற்கு நான்கே பாதைகளை உபயோகிக்கிறது. புதுப் பலகையில் அது போதும். மாம்பலத்து வீட்டு பி450 போன்ற பழைய பலகையில் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி என்பதால், கார்டு நொண்டும். பழைய பலகையை வைத்துக்கொள்கிறவர்கள், "இதில் எத்தனை பாதை?" என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

எதை வேண்டுமானாலும் பழசாக வைத்துக்கொள்ளுங்கள். காபினெட்டோடு இனாமாக வந்த பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். கார்டில் தாராளம் காட்டிவிட்டு இங்கே கையைச் சுருக்குகிறவர்கள்தான் அதிகம். அதன் பக்கவாட்டில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதை நம்பவேண்டாம். கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். பிராஸஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்தப் பந்தியில்தான். 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு ஒன்றுக்கே 170 வாட் வேண்டும். பிராஸஸருக்கு இலை போட எங்கே இடம்? விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது பொட்டென்று அணையும்; அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் இல்லாத வீட்டில் புதிதாக வாங்கிய கார்டையும் பலகையையும் கூட அழைத்துக்கொண்டு போய்ச் சேரும். நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு ஐந்து வருஷம், சிலவற்றுக்குப் பத்து வருஷம் உத்தரவாதம் தருகிறார்கள். அப்படிப்பட்டது ஏற்கெனவே உங்களிடம் இருந்து, காலக்கெடுவும் பாக்கி இருந்தால், அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கினால் அதோடு வந்த கேபிள்களையே போடவேண்டும். சில எஸ்.எம்.பி.எஸ்களில் கேபிளைக் கழற்றி மாட்டலாம். பழைய கேபிள் அழகாகப் பொருந்துகிறதே என்று புதியதில் செருகிவிட்டால், உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருப்பதால், டிஸ்க் ஒரே நொடியில் கருகிவிடும். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

வீட்டில் சின்ன யு.பி.எஸ். இருக்கிறதல்லவா? 600 வி.ஏ. என்று போட்டிருந்தால் அது தாங்குவது சாதாரணமாக 360 வாட் சுற்றளவில்தான். மானிட்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சார பில்லும் உங்கள் தலையில்தானே விடிகிறது? விளையாடும்போது 300 வாட், தினம் 4 மணி நேரம் என்றால், இரண்டு மாதத்தில் 72 யூனிட். இந்தக் கணக்கைப் பையனிடமே போடச் சொல்லலாம்.

கடைசியாகப் பரண். பழைய எஸ்.எஸ்.டி. நன்றாக இருந்தால் அப்படியே புதுப் பலகையில் மாட்டலாம். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் மட்டும் புது விளையாட்டுகளை ஏற்றவேண்டாம். 2023-இல் வந்த 'ஸ்டார்பீல்டு', 'பால்டர்ஸ் கேட் 3' இரண்டும் எஸ்.எஸ்.டி. வேண்டும் என்றே நிபந்தனை போடுகின்றன. ஆனால் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கில்தான் மாமனாரின் சஷ்டியப்தபூர்த்தி போட்டோக்களும், குழந்தை முதன்முதலில் தவழ்ந்த வீடியோவும் இருக்கின்றன. பையன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முந்தின நாளே அவற்றை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, நாலைந்தைத் திறந்தும் பார்த்துவிட்டு, அந்த டிஸ்க்கை உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.