ரகசியம் யாருடையது?

தம்பதி ஆலோசனைக்கு வரும் கணவர் ஒருநாள் தனியாக போன் செய்து, "எனக்கு வேற ஒரு தொடர்பு இருக்கு, அவகிட்ட சொல்லிடாதீங்க" என்கிறார் என்று வையுங்கள். ஆலோசகர் என்ன செய்வார்?

அமெரிக்கத் திருமண, குடும்பச் சிகிச்சையாளர் சங்கத்தின் நெறிமுறைப்படி, அவருடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அதை மனைவியிடம் சொல்லக் கூடாது. சரி, சொல்லாமலே தொடர்ந்தால்? மனைவி நம்பி வந்தவரே பொய்க்கு உடந்தை ஆகிவிடுவார்.

அதனால்தான் பலர் முதல் சந்திப்பிலேயே, "தனியாகச் சொல்வதை நான் மறைத்து வைக்கமாட்டேன்" என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அப்பவும் உடனே போட்டு உடைப்பதில்லை. "நீங்களே சொல்லுங்க" என்று அவகாசம் தருவார்கள். மறுத்தால் தம்பதி ஆலோசனையை நிறுத்திக்கொள்வார்கள்.

ஆனால் அந்த ரகசியம் "அவர் என்னை அடிக்கிறார்" என்பதாக இருந்தால்? வெளியே சொன்னால் வீட்டில் அடி இன்னும் கூடலாம். அந்த விலக்கும் கையெழுத்துத் தாளிலேயே இருக்கணும்.