பட்டர்கிரீம் பூ அலங்காரம்

பட்டர்கிரீம் பூ அலங்காரம் என்பது, வெண்ணெயையும் ஐசிங் சர்க்கரையையும் அடித்துச் செய்த கிரீமைக் கூம்பு வடிவப் பையில் இட்டுப் பிதுக்கி, கேக்கின் மீது பூ, இலை, ஓர வேலைப்பாடு ஆகியவற்றை அமைக்கும் முறையாகும். பையின் நுனியில் பொருத்தப்படும் சிறு உலோகக் குழல் நாசில் எனப்படும். பூ சரியாக வராதபோது, கை பழகவில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் குறை கையில் இல்லை. கிரீமின் பதத்தில்தான் இருக்கிறது.

கிரீம் தயாரித்தல்

எளிய வகைக்கு 250 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 500 கிராம் ஐசிங் சர்க்கரை, 1 அல்லது 2 மேசைக்கரண்டி பால் போதும். அறை வெப்பத்தில் மென்மையான வெண்ணெயை நிறம் வெளுக்கும்வரை அடித்து, சலித்த சர்க்கரையை மூன்று நான்கு தவணையாகச் சேர்க்க வேண்டும். சலிக்காவிட்டால் சிறு கட்டிகள் நாசிலை அடைத்துக்கொள்ளும். நிறத்திற்கு ஜெல் வகை ஏற்றது. நீர் வகை கிரீமைத் தளர்த்திவிடும். நேரம் செல்லச்செல்ல நிறம் அடர்த்தியாகும் என்பதால் சற்று வெளிறிய நிலையிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பதம் அறிதல்

கிரீமில் செருகிய கரண்டி சாயாமல் நேராக நின்றால் கெட்டிப் பதம். இது ரோஜா போன்ற நிமிர்ந்த இதழ்களுக்கு உரியது. சற்றே சாய்ந்தால் நடுப் பதம். நட்சத்திரப் பூக்களுக்கும் ஓர வேலைக்கும் ஏற்றது. இன்னும் தளர்ந்த பதம் எழுத்துக்கும் இலைக்கும் உதவும். இளக்கப் பாலையும், கெட்டியாக்கச் சர்க்கரையையும் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

ரோஜா அமைக்கும் முறை

தட்டையான தலையுடைய ஆணி போன்ற பூ ஆணியின் மேல், சிறு சதுர பட்டர் பேப்பரைக் கிரீம் தொட்டு ஒட்ட வேண்டும். வட்ட நாசிலால் நடுவில் ஒரு கூம்பை எழுப்ப வேண்டும். இதழ்களுக்கு 104 எண் நாசில் பயன்படும். அதன் வாய் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருக்கும். அகன்ற புறம் கீழே, குறுகிய புறம் மேலே இருக்கப் பிடித்தால்தான் இதழின் அடி தடித்தும் விளிம்பு மெலிந்தும் வரும்.

முதலில் கூம்பின் உச்சியைச் சுற்றி ஒரு மொட்டு. அதைச் சூழ 3 இதழ்கள், அடுத்த சுற்றில் 5, கடைசியில் 7. ஒரு கை ஆணியைச் சுழற்ற, மறு கை நாசிலை வில்லைப் போல ஏற்றி இறக்க வேண்டும். ஒவ்வோர் இதழும் முந்தைய இதழின் மீது சற்றுப் படிந்து தொடங்கும். வெளிச் சுற்றுக்குச் செல்லச்செல்ல நாசிலின் மேல்முனையை வெளிப்புறமாகச் சாய்த்தால் பூ விரியும். முடிந்த பூவைத் தாளோடு எடுத்து உறைபெட்டியில் வைத்து, இறுகியபின் தாளை உரித்துக் கேக்கில் பதிக்கலாம்.

வெப்பத்தின் பங்கு

கிரீமைத் தாங்கி நிற்பது வெண்ணெயில் உள்ள திடக் கொழுப்பு. வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியஸில் உருகிவிடும். சித்திரை, வைகாசியில் நம் சமையலறையே அந்த வெப்பத்தை எட்டும். பையைப் பற்றியிருக்கும் உள்ளங்கையின் சூடும் கிரீமை இளக்கும். ஆகவே பையில் பாதிக்கு மேல் நிரப்பாமல், இரண்டு பைகளை மாற்றி மாற்றிக் குளிர வைத்துப் பயன்படுத்துவது நல்லது. வெண்ணெயில் ஒரு பகுதிக்குப் பதிலாக, ஷார்ட்டனிங் எனப்படும் கெட்டிக் கொழுப்பைச் சேர்ப்பவர்களும் உண்டு. அது பூவைத் தாங்கும். ஆனால் சுவை குறையும், நாவில் பிசுபிசுப்பு தங்கும்.

குறைகளும் காரணங்களும்

• இதழின் விளிம்பு பல் பல்லாகக் கிழிந்தால்: கிரீம் மிகக் கெட்டி. சில துளி பால் சேர்க்கவும்.
• இதழ் தொங்கினால்: கிரீம் சூடேறியுள்ளது. 10 நிமிடம் குளிர வைத்து மீண்டும் கலக்கவும்.
• இதழ் தடித்து மொத்தையாக வந்தால்: நாசில் தலைகீழாக உள்ளது.
• இடையிடையே அறுந்தால்: காற்றுக் குமிழ் அல்லது சர்க்கரைக் கட்டி.

பயிற்சிக்குக் கேக் தேவையில்லை. எவர்சில்வர் தட்டின் பின்புறத்தில் பிதுக்கிப் பார்த்து, வழித்தெடுத்து, அதே கிரீமை மீண்டும் பயன்படுத்தலாம். பதம் சரியாக அமைந்தபின் செய்யும் பயிற்சியே கைக்குப் பழக்கத்தைத் தரும்.